பச்சை ஒளி தரும் ஓர் இரிடியம் சேர்வை, சமச்சீரால் சிக்கிய ஒரு கணிப்பு: மட்டக்களப்பிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

எடுத்துக்கொண்ட கேள்வி சின்னதுதான். போன் திரையில் பச்சை ஒளி தருகிற வகை இரிடியம் சேர்வை ஒன்றின் நிறத்தை, அதைக் கையால் தொடாமலே, சாதாரண மேசைக் கணினி ஒன்றில் கணித்துச் சொல்ல முடியுமா? மட்டக்களப்பில் இறுதியாண்டு மாணவி ஒருவர் செய்த வேலை இது. மேற்பார்வை என்னுடையது. எதைக் கேட்டால் கணிப்பு நம்பக்கூடிய பதிலைத் தரும், எதைக் கேட்டால் தராது என்பது வேலை பாதி கடந்த பிறகுதான் தெளிவானது. அந்தப் பாதியைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ இரசாயனவியல் படிக்கிற வேறு பிள்ளைகள் இந்தப் பக்கம் வந்தால் அவர்களுக்கு இது உதவ வேண்டும் என்பது என் ஆசை.

ஏன் இரிடியம்

1987 இல் கொடாக் நிறுவனத்தில் சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் இருவரும் மெல்லிய இரண்டு சேதனப் படைகளால் ஆன ஒளிகாலும் சாதனம் ஒன்றைக் காட்டினார்கள். இன்றைய ஓஎல்ஈடி திரைகளின் தொடக்கம் அதுதான். அதில் ஒளி தந்ததும் ஓர் உலோகச் சேர்வையே: அலுமினியத்தைச் சுற்றி மூன்று ஹைட்ரொக்சிகுயினொலீன் இணையிகள் (உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும் மூலக்கூறுகள்). பச்சை ஒளி கிடைத்தது, ஆனால் கொடுத்த மின்னில் பெரும்பகுதி வீணானது.

அதற்குக் காரணம் இலத்திரனின் சுழற்சி, ஆங்கிலத்தில் ஸ்பின். எதிர்மின்வாயிலிருந்து வரும் இலத்திரனும் நேர்மின்வாயிலிருந்து வரும் துளையும் (இலத்திரன் இல்லாத வெற்றிடம்) மூலக்கூறொன்றில் சந்திக்கும்போது நான்கில் ஒரு பங்கு ஒற்றைநிலைக் கிளர்ச்சியாகவும் (இரண்டு சுழற்சிகளும் ஒன்றையொன்று ஈடுசெய்வது) மூன்று பங்கு மும்மைநிலைக் கிளர்ச்சியாகவும் (ஈடுசெய்யாதது) அமையும். அலுமினியம் போன்ற இலேசான உலோகத்தில் மும்மைநிலையிலிருந்து ஒளி வர வழி இல்லையென்றே சொல்லலாம். ஆகவே 75 வீதம் வெப்பமாகப் போய்விடுகிறது.

அணுவெண் 77 ஆன இரிடியத்தில் கதை வேறு. அவ்வளவு கனமான கருவைச் சுற்றும்போது இலத்திரனின் சுழற்சியும் அதன் சுற்றுப்பாதை இயக்கமும் ஒன்றோடொன்று வலுவாகப் பிணைந்துவிடும். இலேசான மூலக்கூறில் தடைப்பட்டிருந்த மும்மைநிலை ஒளிர்வு இங்கே சில மைக்ரோ செக்கன்களுக்குள் நடந்துவிடுகிறது. 1998 இல் போல்டோ, ஃபொரெஸ்ட், தொம்சன் குழுவினர் பிளாட்டினம் சேர்வையொன்றால் சிவப்பு ஒளியைக் காட்டினார்கள். 1999 இல் இரிடியம் டிரிஸ்பீனைல்பிரிடீன் சேர்வையால் பச்சை ஒளி. அந்தச் சாதனத்தின் வெளிக் குவாண்டம் வினைத்திறன், அதாவது செலுத்திய இலத்திரன்களுக்கு வெளியே வரும் ஒளித்துகள்களின் வீதம், 8 வீதம். 2001 இல் இதே குடும்பத்துச் சேர்வையொன்றோடு, உள்ளே உண்டாகும் கிளர்ச்சிகளில் கிட்டத்தட்ட எல்லாமே ஒளியாக மாறும் நிலைக்கு வந்துவிட்டார்கள்.

நாங்கள் எடுத்தது அந்த 1999 ஆம் ஆண்டுப் பச்சைச் சேர்வையை. புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்கும் ஆசை மாணவிக்கு இருந்தது. அந்த ஆசையை நான் தள்ளிப்போடச் சொன்னேன். பதில் ஏற்கெனவே தெரிந்த மூலக்கூறில் எங்கள் முறை சரியான விடை தருகிறதா என்று பார்க்காமல் புதிய மூலக்கூறுக்கு நிறம் சொல்வதில் பொருளில்லை. இந்தச் சேர்வை 510 நனோமீற்றரை ஒட்டி ஒளிர்கிறது. கரைசலில் ஒக்சிசனை அகற்றிவிட்டால் உறிஞ்சிய ஒளியில் 90 வீதத்துக்கு மேல் ஒளியாகவே திருப்பித் தருகிறது. அளவீடுகள் நிறைய, ஒப்பிட வசதி.

இரிடியம் பிளாட்டினச் சுரங்கத்தின் பக்கவிளைபொருளாகக் கிடைப்பது, பெரும்பகுதி தென்னாபிரிக்காவிலிருந்து வருவது. 2021 இல் அதன் விலை தங்கத்தை வெகுவாகத் தாண்டியது. அந்த உப்பை வாங்கி, வளி படாமல் தொகுத்து, வெற்றிட அறையில் படையாகப் படியவிட்டு ஒரு சாதனம் செய்வதற்கான வசதி எங்களிடம் இல்லை. கணிப்புக்கு ஒரு கணினியும் பொறுமையும் போதும். கணிப்பைச் செய்யும் ஓர்கா என்ற மென்பொருள் கல்வித் தேவைக்கு இலவசம், மூலக்கூறை வரைவதற்கான அவொகாட்ரோவும் இலவசம். இந்தத் துறையில் எங்களுக்கும் வெளிநாட்டுக் குழுவுக்கும் இடையிலான தூரம் ஆய்வுகூட வேலையில் இருக்கும் தூரத்தைவிட மிகக் குறைவு. இதை நான் மாணவர்களுக்கு அடிக்கடி சொல்வேன், இங்கேயும் சொல்கிறேன்.

மூலக்கூறும் முறையும்

நடுவில் ஓர் இரிடியம், சுற்றி மூன்று பீனைல்பிரிடீன் இணையிகள். ஒவ்வோர் இணையியும் ஒரு காபனாலும் ஒரு நைதரசனாலும் இரிடியத்தைப் பிடித்துக்கொள்கிறது. மொத்தம் 61 அணுக்கள், 320 இலத்திரன்கள். மூன்று நைதரசன்களும் ஒரே முகத்தில் அமைந்தால் அது ஃபேக் வடிவம், அப்படி அமையாவிட்டால் மெர். கணிப்பிலும் ஃபேக் வடிவமே தாழ்ந்த சக்தியில் வந்தது. நன்றாக ஒளிர்வதும் அதுதான். எனவே மெர் வடிவத்தை அத்தோடு விட்டுவிட்டோம்.

இரிடியத்தின் உள்ளோட்டு இலத்திரன்கள் 60 ஐயும் தனித்தனியாகக் கணிக்கத் தேவையில்லை. அவற்றின் மொத்த விளைவை ஒரு நிலைச்சக்திச் சார்பால் பதிலீடு செய்வது வழக்கம். கனமான கருவால் வரும் சார்புநிலை விளைவுகளில் (இலத்திரன்கள் மிக வேகமாக ஓடுவதால் வருபவை) பெரும்பகுதியும் அதற்குள்ளேயே அடங்கிவிடும். மீதி 260 இலத்திரன்களுக்கு டிஎஃப்டி எனப்படும் அடர்த்திச் சார்பியக் கோட்பாடு: இலத்திரன் அடர்த்தியிலிருந்து சக்தியைக் கணிக்கும் முறை. ஹோஹென்பெர்க்கும் கோனும் 1964 இல் அடித்தளமிட்டு, அடுத்த ஆண்டு கோனும் ஷாமும் நடைமுறைக்குக் கொண்டுவந்த முறை அது. அடர்த்தியைச் சக்தியாக மாற்றும் சூத்திரமாக, அதாவது சார்பியமாக, எடுத்தது பி3எல்ஒய்பி. இரிடியம் சேர்வைகளுக்கு அதைப் பாவித்தவர்கள் நிறையப்பேர். எங்கள் எண்களை ஒப்பிடலாம் என்பதற்காகவே அதைத் தேர்ந்தோம், அதுதான் மிகச் சிறந்தது என்பதற்காக அல்ல.

முதல் தடுக்கல்: ஹோமோவும் லூமோவும்

தரைநிலை (கிளர்ச்சி அடையாத, மிகத் தாழ்ந்த சக்தி நிலை) வடிவம் கிடைத்ததும் மென்பொருள், இலத்திரன்கள் இருக்கக்கூடிய ஒபிற்றல்களின் சக்திப் பட்டியலைக் கொடுத்துவிடும். நிரம்பியவற்றில் மேலே உள்ள ஹோமோவுக்கும் வெற்றாக உள்ளவற்றில் கீழே உள்ள லூமோவுக்கும் இடையிலான வித்தியாசத்தை எடுத்து, 1240 ஐ (இலத்திரன் வோல்ற்றில் உள்ள சக்தியை நனோமீற்றராக மாற்றும் எண்) அதனால் வகுத்து, அதுதான் ஒளிர்வு அலைநீளம் என்று எழுதிவிடுவது பல செயற்றிட்ட அறிக்கைகளில் நான் கண்ட பழக்கம். இந்தச் சேர்வையில் அந்த இடைவெளி 3.5 இலத்திரன் வோல்ற்றை ஒட்டி வருகிறது. வகுத்தால் 354 நனோமீற்றர். அது புறஊதா, கண்ணுக்கே தெரியாது. உண்மையில் மூலக்கூறு பச்சையாக ஒளிர்கிறது.

அந்த இடைவெளி பயனற்றதல்ல. ஹோமோ இரிடியத்திலும் பீனைல் வளையத்திலும் பரவியிருப்பதையும் லூமோ பெரும்பாலும் பிரிடீன் பக்கம் இருப்பதையும் படத்தில் தெளிவாகப் பார்த்தோம். பின்னால் புளோரீனைப் பற்றிப் பேசும்போது அந்தப் படம்தான் கைகொடுத்தது. ஆனால் ஒளிர்வு என்பது மும்மைநிலையிலிருந்து தரைநிலைக்கு விழும் நிகழ்வு. மும்மைநிலையில் மூலக்கூறின் வடிவமே கொஞ்சம் மாறிவிடும். ஆகவே அந்த வடிவத்தைத் தனியாகத் தேடத்தான் வேண்டும்.

இரண்டு கற்பனை மீடிறன்கள்

மும்மைநிலை வடிவத் தேடல் பல மணிநேரம் ஓடும் வேலை. அது நடந்தது மாரி காலத்தில். கரண்ட் போய் வரும். நல்லவேளையாக ஓர்கா ஒவ்வொரு படியிலும் வடிவத்தையும் ஒபிற்றல்களையும் கோப்புகளில் எழுதிவைக்கும், விட்ட இடத்துக்குப் பக்கத்திலிருந்தே மறுபடி தொடங்கலாம். அப்படியே தேடல் முடிந்தது. விசைகள் எல்லாம் பூச்சியத்துக்கு வந்துவிட்டதாக மென்பொருள் சொன்னது. சுழற்சி மாசு (வேறு சுழற்சி நிலைகள் கலந்துவிடுவது) இருக்கிறதா என்று பார்ப்பதற்கான எண்ணும் மும்மைநிலைக்கு வரவேண்டிய 2 ஐ ஒட்டியே இருந்தது. மேலோட்டமாகப் பார்த்தால் வேலை சரி.

அதன்பிறகு அதிர்வு மீடிறன்களைக் கணித்தோம். கிடைத்த வடிவம் உண்மையிலேயே சக்தியின் ஓர் இழிவில் இருந்தால் எல்லா மீடிறன்களும் நேர் எண்களாக வரவேண்டும். பட்டியலின் தலையில் எதிர்க்குறியோடு எண்கள் நின்றன.

"சேர், ரெண்டு மைனஸ் வந்திருக்கு. ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே எண்."

"ஒரே எண்ணா? அப்ப அது சும்மா வந்த பிழை இல்ல, பிள்ள. அந்த அதிர்வ ஓடவிட்டுப் பாருங்க, எது அசையுது எண்டு."

எதிர்க்குறியோடு அச்சாகும் மீடிறன் உண்மையில் கற்பனை எண். அந்தத் திசையில் மூலக்கூறைத் தள்ளினால் சக்தி ஏறுவதற்குப் பதிலாக இறங்கும் என்பது அதன் பொருள். சின்னஞ்சிறு எண் ஒன்று மட்டும் வந்தால் கணிப்பின் துல்லியக் குறைவு என்று சந்தேகிக்கலாம். சமமான இரண்டு ஒன்றாக வந்தால் அதற்குப் பின்னால் ஏதோ சமச்சீர் இருக்கிறது.

ஃபேக் வடிவத்துக்கு மும்மடிச் சுழற்சிச் சமச்சீர் உண்டு. 120 பாகை சுழற்றினால் மூன்று இணையிகளும் ஒன்றின் இடத்தில் ஒன்று போய் அமரும். மாணவி தேடலைத் தொடங்கியது தரைநிலை வடிவத்திலிருந்து, அதாவது முழுச் சமச்சீரிலிருந்து. அப்படித் தொடங்கும்போது இலத்திரன் அடர்த்தி சமச்சீராக இருந்தால் விசைகளும் சமச்சீராகவே வரும். அடுத்த படியும் சமச்சீர், அதற்கடுத்ததும் சமச்சீர். அந்த வட்டத்தைவிட்டு வெளியேற அதற்கு வழியே கிடைப்பதில்லை. கடைசியில் அது போய் நின்றது, மூன்று வயல்களின் வரம்புகள் கூடுகிற மூலையில் ஒருவர் நிற்பதைப் போன்ற ஓர் இடத்தில். காலடியில் சரிவு இல்லை. ஆனால் எந்தப் பக்கம் சற்றுச் சாய்ந்தாலும் ஏதோவொரு வயலுக்குள் இறங்கவேண்டியதுதான், மூன்று வயல்களும் ஒரே தாழ்வு.

அவொகாட்ரோவில் அந்த அதிர்வை அசைத்துப் பார்த்தபோது காட்சி தெளிவாக இருந்தது. ஓர் இணையியில் பீனைல் வளையத்தையும் பிரிடீன் வளையத்தையும் இணைக்கும் காபன் பிணைப்பு குறுகியது. அதே நேரத்தில் மற்ற இரண்டிலும் அது நீண்டது. அந்த அசைவின் திசையில் அணுக்களை மிகச் சிறிதளவு நகர்த்தி, சமச்சீர் இல்லாத அந்த வடிவத்திலிருந்து தேடலை மறுபடி ஓட்டச் சொன்னேன். இந்தத் தடவை சக்தி இன்னும் கீழே இறங்கியது. கற்பனை மீடிறன்கள் இரண்டும் மறைந்தன.

சுழற்சி அடர்த்தியைப் படமாக வரைந்தபோது வேறுபாடு கண்முன்னே நின்றது. முதல் வடிவத்தில் சோடியற்ற இலத்திரன்கள் மூன்று இணையிகளிலும் சமமாகப் பரவியிருந்தன. இரண்டாவதில் இரிடியத்திலும் ஒரேயொரு இணையியிலும் மட்டுமே. மற்ற இரண்டு இணையிகளும் கிட்டத்தட்டத் தரைநிலையில் இருந்தபடியே சும்மா இருந்தன. மூன்றும் சமமாக உள்ள மூலக்கூறில் ஒளிர்வது ஒன்றுதான். இந்தச் சேர்வையைக் கணித்த பலரும் இதே ஒருபக்கச் சாய்வைக் கண்டிருக்கிறார்கள், ஆக இது எங்கள் கண்டுபிடிப்பு இல்லை. ஆனாலும் ஒரு மூலக்கூறு தன் சமச்சீரைத் தானே உடைப்பதை எங்கள் அறையிலிருந்த கணினியில் அந்தப் பிள்ளை தானே தேடிக் கண்டது எனக்கு மிகுந்த சந்தோஷம் தந்தது. மீடிறன் கணிப்பை நேரம் கூடுதலாக எடுக்கிறது என்று தவிர்த்திருந்தால் இது தெரியவே வந்திருக்காது. பிழையான வடிவமும் பார்ப்பதற்குச் சரியான விடை மாதிரி ஓர் எண்ணைத் தந்திருக்கும்.

0.1 இலத்திரன் வோல்ற்று எவ்வளவு பெரிது

சரியான மும்மைநிலை வடிவம் கிடைத்தபின் ஒளிர்வுச் சக்தியை இரண்டு விதமாக எடுக்கலாம். இரண்டு நிலைகளையும் அவரவர் வடிவத்தில் வைத்துக் கழிப்பது ஒன்று. அது ஒளிர்வுப் பட்டையின் நீல ஓரத்துக்கு நெருக்கமானது. இரண்டையும் மும்மைநிலை வடிவத்திலேயே வைத்துக் கழிப்பது மற்றது. இது எப்போதும் முதலாவதைவிடச் சிறியது, சிவப்புப் பக்கம் சாயும். எது பரிசோதனைக்கு அருகில் வருகிறதோ அதை எடுத்துக்கொள்வது நேர்மையில்லை. இரண்டையும் எழுதி, எது எதற்கு ஒத்தது என்று சொல்லவேண்டும். மாணவியின் அறிக்கையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்து நிரல்களில் இருந்தன.

இந்த இடத்தில்தான் முதற் கேள்விக்குப் பதில் சொல்லவேண்டி வந்தது. இவ்வகைக் கணிப்பில் 0.1 இலத்திரன் வோல்ற்றுக்குள் விடை வந்தால் நல்ல விடை என்றே ஏற்பார்கள். நிறத்தில் அது எவ்வளவு? 510 நனோமீற்றர் என்பது 2.43 இலத்திரன் வோல்ற்று. அதில் 0.1 கூடினால் 490, குறைந்தால் 532. ஒன்று நீலப்பச்சை, மற்றது மஞ்சள் எட்டிப்பார்க்கும் பச்சை. 470 இல் ஒளிரும் நீலத்தில் அதே பிழை 453 க்கும் 489 க்கும் இடையில் ஊசலாடும். 620 சிவப்பில் 590 க்கும் 653 க்கும் இடையில், செம்மஞ்சளிலிருந்து ஆழ்ந்த சிவப்பு வரை. திரை செய்பவர் ஒரு சில நனோமீற்றருக்காகச் சண்டை பிடிப்பார். ஆக, "இந்தத் திரைக்கு இந்த நிறம்" என்று தனியொரு மூலக்கூறுக்கு அறுதியாகச் சொல்லும் தகுதி எங்கள் கணிப்புக்கு இல்லை.

ஒரே குடும்பத்து மூலக்கூறுகளை ஒரே முறையால் கணித்து, எது எதைவிட நீலம் என்று கேட்டால் நிலைமை மாறுகிறது. முறையின் பிழை எல்லாவற்றிலும் கிட்டத்தட்ட ஒரே பக்கம் சாய்வதால் கழிக்கும்போது பெரும்பகுதி அடிபட்டுப்போகிறது. கேள்வியை அப்படி மாற்றிக்கொண்டோம்.

புளோரீன் எந்த இடத்தில்

பீனைல் வளையத்தில் 4 ஆம், 6 ஆம் இடங்களில் புளோரீனை வைத்தால் நிறம் நீலத்தை நோக்கி நகரும் என்பது நன்கு தெரிந்தது. 470 நனோமீற்றரை ஒட்டி வான்நீலமாக ஒளிரும் ஃபிர்பிக் சேர்வை அப்படி அமைந்ததுதான். ஹோமோவின் ஒரு பகுதி பீனைலில் இருக்கிறது. புளோரீன் அங்கிருந்து இலத்திரனை இழுக்க, ஹோமோ தாழ்கிறது. லூமோ பிரிடீனில் இருப்பதால் அவ்வளவாக அசையவில்லை. இடைவெளி அகல்கிறது.

"அப்ப 5 ஆம் இடத்தில வச்சா என்ன, சேர்? அதுவும் புளோரீன்தானே" என்று மாணவி கேட்டார். செயற்றிட்டத்தின் மிக நல்ல கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன். 4 ஆம் இடம் இரிடியத்தைப் பிடித்திருக்கும் காபனுக்கு மெற்றா (ஒன்று விட்ட அடுத்த இடம்), 5 ஆம் இடம் அதற்குப் பரா (நேரெதிர் இடம்). உயர்தர வகுப்பிலேயே படிக்கிற விஷயம்தான் இங்கே வேலை செய்கிறது. புளோரீன் பிணைப்பு வழியாக இலத்திரனை இழுக்கும், தன் தனிச்சோடியைப் பரிவு வழியாகத் திருப்பிக் கொடுக்கவும் செய்யும். பராவில் கொடுப்பது இழுப்பதைக் கிட்டத்தட்டச் சமப்படுத்திவிடும். ஒரு கூட்டம் எவ்வளவு இலத்திரனை இழுக்கிறது என்று அளக்கும் ஹம்மெற் மாறிலிகள் இதைத்தான் சொல்கின்றன: மெற்றாப் புளோரீனுக்கு 0.34, பராவுக்கு 0.06 மட்டும். ஒரு புளோரீனை 4 இலும் 5 இலும் மாற்றி மாற்றி வைத்துக் கணித்தபோது ஹோமோ அதே ஒழுங்கில் தாழ்ந்தது: 4 இல் தெளிவாக, 5 இல் கொஞ்சமாக. மும்மைநிலைச் சக்தியும் அதே வரிசை. இப்படியொரு வரிசையைச் சொல்வதற்கு எங்கள் முறை போதும். தொகுக்கப்போகிற ஒருவருக்கு, விலை கூடிய இரிடியத்தை எந்த இணையியில் செலவழிப்பது என்று முடிவெடுக்க இது நேரடியாக உதவும்.

நீலத்தின் கதை இன்னும் முடியவில்லை

பச்சையிலும் சிவப்பிலும் இரிடியம் சேர்வைகள் சந்தைக்கு வந்து பல ஆண்டுகள். நீலத்தில் விற்பனைத் திரைகள் நீண்டகாலமாகச் சாதாரண உடனொளிர்வுப் பொருட்களையே, அதாவது ஒற்றைநிலையிலிருந்து மட்டும் ஒளிர்பவற்றையே, நம்பியிருந்தன. மும்மைநிலையை மேலே மேலே தள்ளத் தள்ள, அது உலோகத்தையே மையமாகக் கொண்ட இன்னொரு நிலைக்கு நெருங்கிவிடுகிறது. அந்த நிலையில் இலத்திரன் போய் அமர்வது இரிடியத்துக்கும் இணையிக்கும் இடையிலான பிணைப்பெதிர் (பிணைப்பைத் தளர்த்தும்) ஒபிற்றலில். நைதரசன் பிணைப்பு நீண்டு, சிலவேளை கழன்றே போகும். அங்கே போன கிளர்ச்சி ஒளியாகத் திரும்புவதில்லை. மூலக்கூறு சிதையவும் அது வழி திறக்கிறது. நீலத்துக்காகச் சேர்த்த புளோரீனே சாதனம் ஓடும்போது கழரக்கூடியது என்பது இன்னொரு தலையிடி.

எனவே நீல மூலக்கூறொன்றை மதிப்பிட நிறம் மட்டும் போதாது. ஒளிரும் நிலைக்கும் அந்த உலோகமைய நிலைக்கும் இடையில் ஏறவேண்டிய தடை எவ்வளவு என்றும் பார்க்கவேண்டும். இந்தச் செயற்றிட்டத்தில் அதற்கு நேரம் இல்லை. ஒளிர்வின் ஆயுளையும் நாங்கள் தொடவில்லை, அதற்குச் சுழற்சி–சுற்றுப்பாதைப் பிணைப்பை வெளிப்படையாகச் சேர்த்துக் கணிக்கவேண்டும். தனி மூலக்கூறைக் கணித்தோம், திரைக்குள் அது இன்னொரு பொருளின் படைக்குள் புதைந்திருக்கும் என்பதையும் அறிக்கையில் வெளிப்படையாக எழுதினோம்.

மாணவியின் கோப்புகள் எல்லாம் பெயரிட்டு ஒழுங்காகக் கணினியில் இருக்கின்றன. சமச்சீர் உடைந்த மும்மைநிலை வடிவமும் அதன் ஒபிற்றல் கோப்பும் தனிக் கோப்புறையில் உள்ளன. அடுத்த தொகுதியில் வருகிற பிள்ளைக்கு நான் கொடுக்கவிருப்பது ஃபிர்பிக்கின் உலோகமைய நிலையைத் தேடும் வேலையை. ஒரு பிரிடீன் நைதரசனை இரிடியத்திலிருந்து சற்று விலக்கி வைத்த வடிவத்திலிருந்து தொடங்கவேண்டும், ஒளிரும் நிலையின் வடிவத்திலிருந்து அல்ல. தேடல் முடிந்த உடனே மீடிறன் கணிப்பு.